இணையத்தில் விற்கும் தேயிலை: எதை நம்புவது?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் தேயிலை விளையாது என்பது உங்களுக்குத் தெரியும். தேயிலைச் செடிக்கு அமிலத் தன்மையுள்ள மண்ணும், ஆண்டில் பெரும்பகுதி ஈரமும் வேண்டும். நம் கரிசலோ காரத் தன்மை உடையது. மழையோ ஐப்பசி, கார்த்திகையை நம்பியிருப்பது. ஆயினும் இன்று கைப்பேசியில் விரலை வைத்தால் வெள்ளைத் தேயிலை, நீலகிரிப் பனிக்காலத் தேயிலை, டார்ஜிலிங் முதற்பறிப்பு எல்லாம் வீடு தேடி வருகின்றன. நம் தரிசில் தானாகப் பூக்கும் ஆவாரம்பூகூட 'ஆவாரம்பூ டீ' என்று பெயர் மாறி நமக்கே விலைக்கு வருகிறது.

அருப்புக்கோட்டை நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். சேலை வாங்குபவர் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். விரலால் நெருடிப் பார்ப்பார். இணையத்தில் தேயிலை வாங்குபவரால் இலையை முகர்ந்து பார்க்க முடியாது. அவருக்குக் கிடைப்பது விற்பவரின் சொல் ஒன்றுதான். ஆகவே சொல்லைத்தான் சோதிக்க வேண்டும். இத்தகைய விளம்பரங்களில் அடிக்கடி காணும் கூற்றுகளை ஒவ்வொன்றாக உரசிப் பார்ப்போம்.

பெயர் சரியா?

கறுப்பு, பச்சை, வெள்ளை ஆகிய மூவகைத் தேயிலையும் ஒரே செடியிலிருந்து வருபவை. அதன் அறிவியற் பெயர் கமேலியா சைனென்சிஸ். கொழுந்தை நசுக்கிக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிய விட்டால் கறுப்புத் தேயிலை. பறித்தவுடன் சூடேற்றி அவ்வினையைத் தடுத்தால் பச்சைத் தேயிலை. இளம் மொட்டுகளை வாடவிட்டு உலர்த்தினால் வெள்ளைத் தேயிலை. எனவே 'காஃபின் அறவே இல்லாத இயற்கைப் பச்சைத் தேயிலை' என்று ஒருவர் விளம்பரம் செய்தால், அவருக்குத் தம் சரக்கைப் பற்றித் தெரியவில்லை, அல்லது தெரிந்தே மறைக்கிறார். காஃபின் அச்செடியிலேயே உள்ளது.

ஆவாரம்பூ, சங்குப்பூ ஆகியவை இச்செடியைச் சேர்ந்தவை அல்ல. அவற்றைத் 'தேயிலை' என்று பெயரிட்டு விற்பது தவறான பெயரிடல் என இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2025 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. சங்குப்பூ நீரில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாக மாறுவதைக் காட்டி, 'இதுவே தூய்மைக்குச் சான்று' என்பாரும் உண்டு. பூவிலுள்ள ஆந்தோசயனின் என்னும் நிறமி அமிலத்தில் நிறம் மாறும். சோதனைச் சாலையில் லிட்மசு செய்யும் வேலையே இது. நிறமி இருப்பதற்கு இது சான்று. மண்ணும் பூச்சிமருந்தும் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

ஊர் சரியா?

டார்ஜிலிங்கில் 87 தோட்டங்களே அங்கீகாரம் பெற்றவை. ஆண்டு விளைச்சல் 1 கோடி கிலோவுக்கும் குறைவு. ஆனால் விளைவதைப் போலப் பல மடங்கு அப்பெயரில் உலகச் சந்தையில் விற்கப்படுவதாக நெடுநாளாகக் குற்றச்சாட்டு உண்டு. பொருண்மை அழியாது என்று படித்திருக்கிறோம். அது தானாகப் பெருகவும் பெருகாது. எங்கோ வேறு இலை கலந்திருக்க வேண்டும். 2021 நவம்பரில் தேயிலை வாரியம், புவிசார் குறியீடு பெற்ற டார்ஜிலிங், காங்ரா, அசாம் ஆர்த்தடாக்ஸ், நீலகிரி ஆர்த்தடாக்ஸ் ஆகியவற்றோடு இறக்குமதித் தேயிலையைக் கலக்கக் கூடாதென ஆணையிட நேர்ந்தது இதனாலேயே.

இந்தக் கலப்பால் இழப்பு வாங்குபவருக்கு மட்டுமன்று. நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஏறக்குறைய ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். அதைப் பறித்துக் கொடுக்கும் நீலகிரிச் சிறு விவசாயியின் பெயரில் வேறொருவர் காசு பார்க்கிறார்.

நட்சத்திரம் எத்தனை?

'ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம்' என்று கண்டதும் பலர் மயங்கிவிடுகின்றனர். எத்தனை பேர் அளித்த சராசரி அது என்று பாருங்கள். ஊசலின் அலைவு நேரத்தைப் பலமுறை அளந்து சராசரி காண்கிறோம் அல்லவா? அளவீடுகளின் எண்ணிக்கை கூடக்கூடத் தற்செயல் பிழை அதன் வர்க்கமூலத்திற்கு ஏற்பக் குறையும். 16 பேரின் கருத்தில் பிழை நான்கில் ஒரு பங்காகக் குறையுமானால், 400 பேரின் கருத்தில் இருபதில் ஒரு பங்காகக் குறையும்.

நிற்க. கடிகாரமே வேகமாக ஓடினால் ஆயிரம் முறை அளந்தும் பயனில்லை. அது முறைசார் பிழை. விற்பவரே எழுதிக்கொள்ளும் பாராட்டும் அத்தகையதே. 2020 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் இதைத் தடை செய்கின்றன. ஒரே வாரத்தில் குவிந்த, ஒரே சொற்களில் அமைந்த பாராட்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்று நட்சத்திரம் இட்டவர் எழுதியதைப் படியுங்கள். குறையும் நிறையும் அங்கேதான் இருக்கும்.

நோய் தீருமா?

எல்லாவற்றிலும் ஆபத்தான கூற்று இதுவே. 'சர்க்கரை நோய் ஒரே மாதத்தில் குணம்' என்று ஆவாரம்பூப் பொட்டலத்தின் மேல் எழுதுகின்றனர். ஆவாரம்பூச் சாறு கொடுத்த எலிகளின் இரத்தத்தில் சர்க்கரை குறைந்ததாக ஆய்வுகள் உள்ளன. ஆனால் எலிக்கு எடைக்கேற்ப அளந்து கொடுத்த செறிவான சாறு வேறு. நாம் வெந்நீரில் போட்டு எடுக்கும் ஒரு சிட்டிகைப் பூ வேறு. இதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் கண்ணும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். சர்க்கரை நோயைத் தீர்க்கும் என மருந்து விளம்பரம் செய்வதை 1954 ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சட்டத்தை மீறி இவ்வாறு எழுதும் விற்பனையாளர் மற்றச் செய்திகளில் மட்டும் உண்மை பேசுவார் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்?

'வேதிப்பொருளே இல்லாதது' என்பதும் பொருளற்ற வாசகம். தண்ணீரும் வேதிப்பொருளே.

எதை வைத்து நம்பலாம்?

நேர்மையான விற்பனையாளர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் தோட்டத்தின் பெயர், பறித்த மாதம், பதப்படுத்திய முறை ஆகியவற்றைச் சொல்வார்கள். கேள்வி கேட்டால் மழுப்பாமல் விடை தருவார்கள். முகவரியும், குறைகேட்கும் அலுவலர் பெயரும், 14 இலக்க உணவு உரிம எண்ணும் தளத்தில் இருக்கும். அந்த எண்ணை ஆணையத்தின் தளத்தில் இட்டுச் சரிபார்க்கலாம். ஒன்றை மறவாதீர்கள்: உரிமம் என்பது விற்க அனுமதி; சுவைக்கோ மருத்துவ குணத்துக்கோ சான்றிதழ் அன்று.

முதன்முறை சிறு பொட்டலமே வாங்குங்கள். தேயிலையைக் கண்ணாடித் தட்டில் பரப்பிக் காந்தத்தை மேலே நகர்த்திப் பாருங்கள். இரும்புத்தூள் இருந்தால் ஒட்டும். வடிதாளின் மேல் சிறிது தூவி நீர் தெளித்துச் சற்று நேரம் கழித்துத் தாளைக் கழுவுங்கள். செயற்கைச் சாயம் ஏற்றிய இலை கறையை விட்டுச் செல்லும். இவை கலப்படத்தைக் காட்டுமே தவிர ஊரையும் பருவத்தையும் காட்டா. ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

மாணவர்களே, வீட்டில் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ யாராவது இணையத்தில் 'சர்க்கரைக்கு டீ' வரவழைத்தால், பொட்டலத்தை வாங்கி அதிலுள்ள வாசகங்களை அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். எது அளந்தறிந்த உண்மை, எது வெறும் வாய்ச்சொல் என்று பிரித்துச் சொல்லுங்கள். மாத்திரை மட்டும் ஒரு வேளையும் தவறக் கூடாது.