நூபியர் வரலாறும் அதனை எழுதியோரும்

1913 முதல் 1916 வரை சூடான் நாட்டில் கேர்மா என்னுமிடத்திலே அமெரிக்க ஆய்வுக்குழுவொன்று அகழ்வு நடத்தியது. அதற்குத் தலைமை தாங்கியவர் ஜோர்ஜ் றைஸ்னர். ஏறத்தாழ 90 மீற்றர் குறுக்களவுள்ள புதைமேடுகளை அவர் திறந்தார். அவற்றுள்ளே எகிப்திய மன்னர் காலத்துச் சிலைகள் கிடந்தன. அசியூத் மாகாண அதிபதியாகிய ஜெபைஹாப்பியினதும் அவன் மனைவி செனுவியினதும் உருவங்கள் அவற்றுட் சிறந்தவை. றைஸ்னர் உடனே முடிவு கட்டினார்: மேடுகள் எகிப்திய ஆளுநரின் கல்லறைகள், கேர்மா எகிப்தியரின் வணிக நிலையம்.

இம் முடிவை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். றைஸ்னர் அரைகுறை அறிஞரல்லர். அவர் காலத்தில் அவரளவு நுணுக்கமாக அகழ்வுக் குறிப்பு எழுதியோர் மிகச் சிலரே. அவருடைய குறிப்புகளே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன என்பதுதான் விந்தை. மேடுகளுக்குரிய தலைவர்கள் எகிப்திய முறைப்படி பதனிடப்பட்டுப் பேழையிலே வைக்கப்படவில்லை, கட்டிலிற் கிடத்தப்பட்டிருந்தனர். அருகிலே செந்நிறமும் கருவிளிம்புங் கொண்ட, முட்டையோடு போன்று மெல்லிய மட்பாண்டங்கள் இருந்தன. அத்தகைய பாண்டங்களை வனைந்தோர் எகிப்தியரல்லர். ஜெபைஹாப்பிக்கோ அசியூத்திலேயே பெருங்கல்லறை உண்டு. அவன் வாழ்ந்த காலத்திற்கும் மேடு எழுந்த காலத்திற்கும் இடையே சில நூற்றாண்டுகள் கழிந்துள்ளன. இவ்வளவும் கண்முன் இருக்க, ஆபிரிக்கர் தாமாக ஓர் அரசை அமைத்திருக்கக்கூடும் என்னும் எளிய எண்ணம் மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. பிற்காலத்துக் குஷ் மன்னரையும் லிபியாவிலிருந்து வந்த வெண்ணிறத்தார் வழியினரென்றே அவர் கொண்டார். சூடான் அக்காலத்திற் பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்தது என்பதையும் மறத்தலாகாது. ஆளப்படுவோர் ஒருகாலத்தில் ஆண்டவர் என்று ஒப்புக்கொள்வது எந்த ஏகாதிபத்தியத்துக்கும் உவப்பான செய்தியன்று.

1977 முதல் சுவிற்சலாந்து அறிஞர் சாள்ஸ் பொனே அங்கே நடத்திய அகழ்வு வேறு கதையைச் சொல்லிற்று. மதில் சூழ்ந்த நகரம், களஞ்சியங்கள், வட்டவடிவான பெரிய அரசமண்டபம், நடுவே செங்கற் சூளையறியாப் பச்சைமண் கல்லால் எழுந்து இன்றும் நிற்கும் கோவில், கி.மு. 2500 அளவிலிருந்து ஆயிரம் ஆண்டு நிலைத்த ஓர் அரசு அது. சிலைகள் அங்கு வந்த வழியும் 2003 இல் தெளிவு பெற்றது. எகிப்தின் எல்-காப் என்னுமிடத்துக் கல்லறையொன்றிலே, குஷ் நாட்டார் படையெடுத்து வந்த செய்தியைக் கூறும் கல்வெட்டு வெளிப்பட்டது. ஆளுநரின் நினைவுச் சின்னமென்று கருதப்பட்டது பெரும்பாலும் படை கவர்ந்த பொருளே!

கேர்மாவை எகிப்து அழித்தது. எழுநூறு ஆண்டுக்குப் பின்னர் குஷ் மன்னன் பியே, கி.மு. 727 அளவில் எகிப்தை வென்றான். அவன் வெற்றித்தூணிலே ஒரு செய்தி உண்டு: முற்றுகையிடப்பட்ட ஹெர்மோபொலிஸ் நகரிற் குதிரைகள் பட்டினி கிடந்தமை கண்டு அவன் சினந்தானாம். மாந்தரின் பட்டினியைக் காட்டிலும் குதிரைகளின் பட்டினி அவனை உறுத்தியது போலும். பின்னர் மெரோவே நகர் தலையெடுத்தது. 23 குறிகளால் தன் மொழியை எழுதிற்று. அவற்றின் ஒலியை கிறிபித் என்பார் 1911 அளவில் கண்டறிந்தார். பொருளோ இன்றும் பெரும்பகுதி பிடிபடவில்லை. 1834 இல் இத்தாலியனாகிய பெர்லினி அந்நகரத்துக் கூம்பு கோபுரங்களை இடித்து, அரசி அமனிஷாகெற்றோவின் பொன்னணிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டு போனான். ஆபிரிக்காவின் உள்நாட்டில் இத்தகைய வேலைப்பாடு இராது, இவை போலியே என ஐயுற்றோர் அங்கே பலர்.

இதற்கு எதிர்வினையாக இந்நாளிற் பெருகிவரும் ‘கறுப்புப் பரோன்கள்’ புகழ்ச்சியையும் நாம் அப்படியே ஏற்றல் இயலாது. கேர்மாவின் ஒரேயொரு மேட்டில் மாத்திரம் 300க்கு மேற்பட்டோர் மன்னனுக்காகப் பலியிடப்பட்டுப் புதைக்கப்பட்டனர். அவர்களின் பெயர் எந்தத் தூணிலும் இல்லை. வெள்ளையன் மறைத்த அரசனை மீட்டெடுப்பதோடு எமது கடமை முடிந்ததென்றால், அந்த முந்நூறு பேரை மீண்டும் ஒருமுறை புதைத்தவர்களாவோம்.

இனி, முற்போக்காளராகிய எம்மை நோக்கியே ஒரு வினா. 1956 இல் அமெரிக்கா உதவியை மறுத்தது. நாசர் சுயெஸ் கால்வாயைத் தேசிய உடைமையாக்கினார். சோவியத் உதவியோடு 1960 இல் அஸ்வான் உயரணை வேலை தொடங்கிற்று. ஏகாதிபத்தியத்தின் முகத்திலே விழுந்த அறையென உலகெங்கும் முற்போக்காளர் அதனைப் பாராட்டினர்; பாராட்டியது தவறுமன்று. மின்சாரமும் பாசனமும் எகிப்தியக் குடியானவனுக்கு வேண்டியிருந்தன. ஆனால் அணை தேக்கிய நீர் ஏறத்தாழ 500 கிலோமீற்றர் நீளத்துக்கு நூபியரின் ஊர்களையே மூடியது. எகிப்தில் ஏறக்குறைய 50,000 பேர் கொம் ஓம்போவுக்கும், சூடானில் வாடி ஹல்பாவிலிருந்து அதேயளவினர் தொலைவிலுள்ள காஷ்ம் எல்-கிர்பாவுக்கும் பெயர்க்கப்பட்டனர். அபு சிம்பெல் கோவிலை 1964 முதல் 1968 வரை துண்டு துண்டாய் அறுத்து மேட்டில் ஏற்றி அமைக்க உலக நாடுகள் பொருள் திரட்டின. இரண்டாம் ராம்செசின் கல்லுருவத்துக்குக் கிடைத்த பரிவு, பேரீச்சந் தோப்பையும் ஆற்றங்கரை வீட்டையும் இழந்த கிழவிக்குக் கிடைக்கவில்லை.

இதனை எழுதியவரும் ஒரு பொதுவுடைமையாளரே என்பது எமக்கு ஆறுதலும் படிப்பினையும் ஆகும். நூபியராகிய முகம்மது கலீல் காசிம் சிறையிலிருந்து எழுதிய ‘அல்-ஷமந்தூரா’ என்னும் அரபு நாவல் 1968 இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அவர் காலமானார். உயரணைக்கு முன்பே, 1902 இற் கட்டிய பழைய அணையை 1933 இல் உயர்த்திய போது மூழ்கிய ஊரே அதன் களம். ஷமந்தூரா என்றால் ஆற்றில் மிதக்கும் மிதவை. நங்கூரத்திற் கட்டுண்டு, நீர் ஏற ஏறத் தானும் ஏறி, எங்கும் போக முடியாது நிற்பது அது. கொள்கைக்காகச் சிறை சென்றவர் தன் மக்களின் வீட்டுவாசலை மறக்கவில்லை. யதார்த்தவாதம் பற்றி ஏடுகளில் வாதிடுவோர் இந்நாவலின் பிறப்பையேனும் எண்ணிப் பார்த்தல் நலம்.

எகிப்தின் 2014 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 236 ஆம் உறுப்புரை, நூபியர் தம் பழைய நிலப்பகுதிக்கு மீள்வதற்கான திட்டத்தைப் பத்தாண்டுக்குள் நிறைவேற்றுவதாக உறுதி கூறிற்று. அந்தப் பத்தாண்டு 2024 இல் கழிந்தது. மக்கள் மீளவில்லை.