பருந்தும் ஊர்க்குருவியும்

மனிதனுடைய மேன்மையைப் பறவையின் உயரத்தைக் கொண்டு அளப்பது நம் பேச்சில் ஊறிய வழக்கம். முன்னுக்கு வந்தவனை ‘உயரப் பறக்கிறான்’ என்று வியக்கிறோம். செல்வச் செருக்கில் தலைகால் தெரியாமல் நடப்பவனையும் அதே சொல்லால் கண்டிக்கிறோம். எளிய குடியில் பிறந்த ஒருவன் நிமிர முற்பட்டாலோ, ‘உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது’ என்று அடக்கிவிடுகிறோம். இந்த மூன்றாவது பிரயோகமே ஆராய்ச்சிக்கு உரியது.

இப்பழமொழியில் குணமே இல்லை என்பது நியாயமாகாது. தன் சுபாவத்தை மறந்து பிறரைப் போலப் பாவனை செய்கிறவனுக்கு அது தக்க உபதேசம். பகட்டைத் திறமையென்று மயங்குகிற சமூகத்துக்கும் அது ஓர் எச்சரிக்கை.

ஆனால், உயரம் பிறவியினால் மட்டுமே வருகிறதென்னும் அதன் அஸ்திவாரம் உறுதியானதன்று. நீலகிரியின் வடசரிவில், சீகூரிலும் மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் வட்டமிடும் வெண்முதுகுப் பாறுகள் என்னும் பிணந்தின்னிக் கழுகுகளைக் கவனித்தால் இது விளங்கும். வெயிலேறித் தரை சூடாகி வெப்பக்காற்று எழும் வரையில் பெரும்பாலும் மரத்திலேயே காத்திருக்கும் அப்பறவைகள், எழுந்த பின்னும் ஓயாமல் சிறகடித்து உழைப்பதில்லை. சிறகை விரித்துக் கொடுக்க, தரையிலிருந்து எழும் காற்றே அவற்றை ஏந்திச் செல்கிறது. தாங்குவது மட்டுமன்று, வீழ்த்துவதும் தரையே: கால்நடைகளுக்குச் செலுத்திய டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியே பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து இந்தியாவெங்கும் அவற்றை அருகச் செய்தது; கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து 2006இல் தடை செய்யப்பட்டது.

மனிதனின் உயர்வும் இவ்வாறே சூழலைச் சார்ந்தது; அதை மறந்த இப்பழமொழியின் கொடுமை முழுவதும் தெரிவது அதே நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில்தான். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தினால் இலங்கையிலிருந்து வந்து, கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் குடியமர்ந்து, கொழுந்து பறித்தே வாழ்க்கையை மறுபடி தொடங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் கல்லூரிப் படியேறும்போது, அவர்களிடம் இவ்வாக்கியத்தைச் சொல்வது அறிவுரையன்று, அவமதிப்பு. லயன் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டின் நெருக்கடியையும் பள்ளிக்குள்ள தூரத்தையும் கணக்கில் கொள்ளாமல் ஜன்மத்தின் மீது பழிபோடுவது, சமூகம் தன் கடமையைத் தட்டிக்கழிக்க எளிய உபாயமாகிவிடுகிறது.

ஆதலின், போலிப் பெருமையைக் கண்டிக்கும் அளவில் இப்பழமொழி வாழட்டும். பிறப்பைச் சுட்டும் இடத்தில் அதை நாம் கைவிடுவதே தர்மம். ஒருவன் எவ்வளவு உயர்ந்தான் என்று கேட்பதற்கு முன்னால், அவன் உயர நாம் என்ன துணை செய்தோம் என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் வளரவேண்டும்.