விருந்தும் ஒக்கலும்: திருப்பூர் நோம்பிச் சமையலை முன்வைத்து ஒரு திறனாய்வு

விருந்தோம்பல் தமிழரின் தனிப்பெரும் பண்பு என்று கூறாத இலக்கிய வரலாறு இல்லை. ஆயினும், விருந்து என்னும் சொல்லின் பொருளை வரையறுத்துக்கொண்டு அப்பண்பை ஆராய்ந்தார் சிலரே. உற்றார் உறவினர் கூடி விழா நாளில் உண்பதையும் விருந்து என்கின்றோம். முன்பின் அறியாதார்க்கு இலையிடுவதையும் விருந்து என்கின்றோம். இவ்விரண்டும் ஒன்றாமோ என்னும் வினாவை எழுப்பி, பழைய நூல்களையும் இன்றைய திருப்பூர்ப் பகுதியின் விழாக்காலச் சமையலையும் ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

தொல்காப்பியர் கற்பியலில் தலைவியின் மாண்புகளை எண்ணுமிடத்து, விருந்தினரைப் பேணுதலையும் சுற்றத்தாரைப் பேணுதலையும் தனித்தனியே வைத்தார். வள்ளுவரும் இல்வாழ்க்கை அதிகாரத்தில் இல்வாழ்வான் ஓம்ப வேண்டிய ஐவகையாரைக் கூறும்போது விருந்தையும் ஒக்கலையும் வேறு வேறாகவே நிறுத்தினார். ஒக்கல் எனினும் சுற்றம் எனினும் ஒக்கும். செய்யுளியலில் விருந்து என்பது புதுவகை யாப்பினால் செய்யப்படும் வனப்பின் பெயராக வருதலையும் ஈண்டு நினைத்தல் தகும். அச்சொல்லின் அடிப்பொருள் புதுமை. அப்புதுமை, ஆகுபெயராய்ப் புதியராய் வந்தாரைக் குறித்தது என்பது பரிமேலழகர் விளக்கம். அவர் அத்துடன் அமையாது, அப்புதியவரை இருவகைப்படுத்தினார்: முன்னரே அறிமுகமுண்மையால் இவ்வீட்டைக் குறித்து வந்தோர் ஒருவகையார், அறிமுகமின்றிக் குறியாது வந்தோர் மற்றொரு வகையார். உரையாசிரியரின் இந்நுட்பமான பகுப்பைப் பின்வந்தோர் போதிய அளவு பயன்கொள்ளவில்லை என்பது நம் கருத்து.

இப்பகுப்பை மனத்திற்கொண்டு, அட்டிலைப் பாடும் சங்கப் பாட்டுகளுள் யாவரும் அறிந்த இரண்டைக் காண்போம். குறுந்தொகை 167-ஆம் பாட்டில் புதுமணப்பெண் தயிரைப் பிசைந்த விரலைத் தான் உடுத்த ஆடையிலேயே துடைத்துக்கொள்கின்றாள். தாளிப்பின் புகை கண்ணில் படிகின்றது. தான் சமைத்த புளிக்குழம்பு இனிதென்று கணவன் உண்ண, அவள் முகம் நுண்ணிதின் மலர்கின்றது. நற்றிணை 120-ஆம் பாட்டிலும் புகையுண்ட கண்ணும், வியர்வையை முன்றானையால் துடைக்கும் தலைவியும் உளர். ஆனால் இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. முன்னதில் விருந்தினர் எவரும் இலர். இருவர்க்கு உரிய சமையல் அது. பின்னதில் பரத்தையிற் பிரிந்து மீண்ட தலைவன், மனைவியின் ஊடலைத் தணிக்கும் வாயிலாக ஒரு விருந்தினர் வரமாட்டாரா என்று ஏங்குகின்றான். விருந்தினர் முன்னிலையில் அவள் சினம் காட்டாள் என்பது அவன் கணக்கு. அவ்விருந்தினர் யார், அவர்தம் பசி எத்தகையது என்பன பற்றிப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. இப்பாட்டைத் தமிழர் விருந்தோம்பலுக்குச் சான்றாக மேடைதோறும் காட்டுவார் உளர். அஃது ஊடல் பற்றிய பாட்டு. விருந்து ஆண்டு ஒரு கருவியே. குறுந்தொகைப் பாட்டிலோ விருந்தினர் இலர் எனினும், மகள் வீடு சென்று கண்டுவந்து நற்றாய்க்குக் கூறும் செவிலியே அவ்வீட்டிற்கு வந்த ஒரே வெளியாள். அவளும் ஒக்கலே அன்றிப் புதியவள் அல்லள்.

உண்மையில் விருந்துக்கும் ஒக்கலுக்கும் உள்ள எல்லையைப் பழம்புலவர் கதவைக்கொண்டு வரைந்தனர் எனலாம். சிறுபாணாற்றுப்படையில் வறிய கிணைஞன் மனைவி, குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பின்றி வேகவைக்கின்றாள். புறங்கூறுவார் காண நாணிக் கதவை அடைத்துவிட்டுப் பெருஞ்சுற்றத்தோடு உண்கின்றாள். அது கதவடைத்து உண்ட ஒக்கல் உணவு. குறுந்தொகை 118-ஆம் பாட்டிலோ, மாலையில் வாயிலை அடைக்குமுன் உள்ளே வரவேண்டியவர் எவரேனும் உளரா என்று கேட்கும் வழக்கம் பேசப்படுகின்றது. அது விருந்தை நோக்கிய கதவு. விருந்தினர் வீட்டின் புறத்தே இருக்க, சாவாமருந்தே ஆயினும் தனித்து உண்ணல் தகாது என்னும் வள்ளுவர் கருத்திலும் அகம், புறம் என்னும் கதவின் எல்லை உண்டு.

இனித் திருப்பூருக்கு வருவோம். நொய்யலின் கரையிலுள்ள இப்பின்னலாடை நகரில் ஒரு கொங்குச் சொல் நம் ஆய்வுக்குப் பெரிதும் துணைசெய்கின்றது. இப்பகுதியார் பண்டிகையை நோம்பி என்பர். தீவாளி நோம்பி, தை நோம்பி, மாரியம்மன் நோம்பி என வழங்குவர். நோன்பு என்னும் சொல்லின் திரிபே இது. உணவை ஒறுத்தலைக் குறித்த சொல் உணவு பெருகும் நாளைக் குறித்தது எவ்வாறு? ஊர்க்கோயிலில் நோம்பி சாட்டிக் கம்பம் நட்டபின் ஊரார் ஊனுணவை விலக்கி நோற்பதும், விழா முடிவில் கிடாய் வெட்டி உறவினர்க்குக் கறிச்சோறு இடுவதும் இன்றும் காணலாம். ஒறுத்தலும் ஊட்டலும் ஒரே விழாவின் முற்பகுதியும் பிற்பகுதியும் ஆதலின், முன்னதன் பெயர் முழுமைக்கும் ஆயிற்று எனக் கொள்ளலாம்.

அந்நாளில் வருவோரைக் கொங்கு வழக்கில் ஒரம்பரை என்பர். வீட்டிற்கு வரும் உறவினர்க்கும் விருந்தினர்க்கும் பொதுவாக நிற்கும் சொல் இது. தொல்காப்பியர் பிரித்து வைத்த இரண்டையும் இவ்வொரு சொல் இணைத்துவிட்டது. இணைத்ததில் உறவின் பக்கமே ஓங்கிற்று. ஒரம்பரை வந்தால் ஒப்புட்டுத் தட்டுவர், கச்சாயம் சுடுவர், சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றுவர். சந்தகை பிழிதல் ஒருவரால் இயலும் வேலை அன்று. ஒருவர் ஈடு எடுத்துத்தர, மற்றவர் சூடு ஆறுமுன் அழுத்த வேண்டும். மாமியாரும் மருமகளும் பேசாதிருக்கும் வீட்டில் சந்தகை இராது என்பது வேடிக்கைப் பேச்சு. அதில் உண்மையும் இல்லாமல் இல்லை.

பனியன் கம்பெனிகளில் பெண்டிர் பெருந்தொகையினராய்ப் பணிபுரியும் இந்நகரில் இச்சமையலின் நிலை வேறாகிவிட்டது. ஒன்றரை ஷிப்டு முடித்து இரவில் வீடு திரும்புபவள் வைகறையில் எழுந்து சோறாக்கி அடுக்குப்பாத்திரத்தில் இட்டு வேலைக்குச் செல்கின்றாள். சனிக்கிழமைச் சம்பளமும் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பும் வார வாழ்வின் இரு கரைகள். பகல் வெளிச்சத்தில் நின்று நிதானமாகச் சமைக்கும் நாள் நோம்பி நாளே. சிறுபாணாற்றுப்படையின் கிணைமகளுக்கு உப்பில்லை, இவளுக்குப் பொழுதில்லை. இல்லக்கிழத்தியின் மாண்பு என்று இலக்கண நூலார் கூறியதை, கூலியும் ஈட்டி வரும் ஒருத்தியின்மேல் அப்படியே ஏற்றிப் புகழ்வது முறையன்று. பெரியபுராணத்து இளையான்குடி மாற நாயனார் வரலாற்றில், பகலில் விதைத்த நெல்லை மழையிரவில் வாரிக்கொண்டு வந்தால் சமைக்கலாம் என்று வழிகூறியவள் மனைவியே. கிடைத்த கீரையைக் கொண்டே பல கறிகளாக்கியவளும் அவளே. சேக்கிழார் அவளைப் பேசவிட்டார். நம் விருந்தோம்பற் கட்டுரைகளில் புகை அவள் கண்ணைப் பற்றுகின்றது. அவள் வாயில் சொல் பிறப்பதில்லை.

தீபாவளியை ஒட்டிக் கம்பெனிகள் பல நாட்கள் அடைக்கப்படும்போது, மதுரை, தேனி, திண்டுக்கல் முதலிய பகுதிகளிலிருந்து வந்து தங்கியோர் போனசும் இனிப்புப் பெட்டியுமாகப் பேருந்து ஏறுகின்றனர். நகரம் வெறிச்சோடுகின்றது. எஞ்சி நிற்போருள் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய மாநிலத்தார் பலர். நாலு நாள் விடுமுறை அவர்தம் வழிப்பயணத்திற்கே போதாது. பரிமேலழகர் கூறிய இரண்டாம் வகைப் புதியவர் இவரே.

இவர்களுக்கும் அண்டை வீட்டார்க்கும் இடையே கொடுக்கல் வாங்கல் இல்லை என்று கூறுதல் பொருந்தாது. வரிசையாக ஓரறை வீடுகள் அமைந்த லைன் வீடுகளில் கதவுகள் ஒரே நடையில் திறக்கின்றன. அடைத்தால் உள்ளே புழுங்கும். ஆதலின் குழம்பின் மணம் எல்லார்க்கும் பொது. கிண்ணத்தில் பலகாரம் செல்லும். அக்கிண்ணம் வெறிதே திரும்பாது. ஆயினும் இதனை விருந்து எனலாமோ? சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் தானே அருகில் நின்று உண்பிக்கின்றான். முகம் மாறி நோக்கினும் விருந்தினர் வாடுவர் என்று கூறும் வள்ளுவர்க்கு, முகமே விருந்தின் உயிர். கிண்ணம் வாயிலைக் கடக்கின்றது. கிண்ணத்திற்கு உரியவர் கடப்பதில்லை. கம்பெனி தரும் இனிப்புப் பெட்டியோ உழைப்புறவின்பாற் பட்டது. 2020-இல் ஊரடங்கின்போது பலரும் வெளிமாநிலத்தார்க்கு உணவளித்தமை போற்றத்தக்கதே. ஆனால் அஃது ஈகை. வறியார்க்கு ஒன்று கொடுப்பதை ஈகை என வரையறுத்து, விருந்தோம்பலை வள்ளுவர் வேறோர் அதிகாரமாக்கினார். விருந்தினராதற்கு வறுமை தகுதியன்று, புதுமையே தகுதி.

இவ்வேறுபாடு சொல்லாய்வளவில் நிற்பதன்று. 2023 மார்ச்சுத் தொடக்கத்தில், ஹோலிப் பண்டிகையை ஒட்டி, தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. திருப்பூரிலும் அச்சம் பரந்தது. காவல் துறையும் மாவட்ட நிருவாகமும் மறுப்பு வெளியிட்டன. பீகார் அரசின் குழு ஒன்றும் நேரில் வந்து கண்டது. ஆண்டுக்கணக்கில் அடுத்த அறையில் வாழ்ந்தும், பக்கத்து வீட்டாரைக் கேட்டறிவதினும் கைபேசிப் பொய்யை நம்பும் நிலை ஏன் நேர்ந்தது என்னும் வினாவிற்கு, ஒருவர் வீட்டில் மற்றவர் அமர்ந்து உண்ணாமை ஒரு காரணமாகும் என்பது நம் துணிபு. இப்பகுதிக்கு இது புதிதும் அன்று. அணித்தேயுள்ள திருமுருகன்பூண்டியில், வழிவந்த சுந்தரரின் பொருளை வேடர் உருவில் வந்தோர் பறித்தனர் என்பது புராண வழக்கு. புதியவன் அஞ்சும் வழியைப் பாடிய பதிகமும் இம்மண்ணுக்கு உரியதே.

உணவு வேறுபாடு தடை என்பாரும் உளர். அவர்க்கு விடையளிக்கும் காட்சி சிலப்பதிகாரத்தில் உள்ளது. மதுரைக்குப் புதியரான கோவலனையும் கண்ணகியையும் கவுந்தியடிகள் இடைக்குல மாதரி வீட்டில் அடைக்கலமாக்குகின்றார். கோவலன் சாவக நோன்பி. ஆயர் சமைத்ததை உண்ணல் அவன் நெறிக்கு ஒவ்வாமலிருக்கலாம். மாதரி வீட்டில் அதனைக் குற்றமாகக் கொள்ளவில்லை. சமைத்தற்குரிய கலங்களும் காயும் கனியும் நெல்லரிசியும் பாலும் அளிக்கப்பெறுகின்றன; மகள் ஐயை அடுப்பு மூட்டித் துணைசெய்கின்றாள். தம் உணவைப் புதியவர்மேல் திணியாது, தம் அட்டிலையே அவர்க்குத் திறந்துவிட்ட இவ்விடத்தை, ஆற்றுப்படைகளின் ஊன்சோற்றுக் காட்சிகளினும் உயர்வாகவே நாம் மதிப்போம்.

ஈண்டு நோன்பி என்ற சொல்லையும் நோக்குக. தீபாவளி கழிந்த ஆறாம் நாள் பீகாரில் சட் பூசை நிகழும். ஏறத்தாழ முப்பத்தாறு மணி நேரம் நீரும் அருந்தாது நோற்று, மறையும் ஞாயிற்றுக்கும் மறுநாள் எழும் ஞாயிற்றுக்கும் நீரில் நின்று படைப்பர். கோதுமை மாவில் வெல்லம் சேர்த்து நெய்யில் சுட்ட தேக்குவா என்னும் பண்டத்தைப் பிறர்க்குப் பகிர்வர். ஊர் செல்ல இயலாதார் தங்கிய இடத்திலேயே நோற்பதும் உண்டு. அரிசி மாவில் வெல்லம் சேர்த்துச் சுடும் கச்சாயத்திற்கும் இதற்கும் மாவும் நெய்யுமே வேறுபாடு. ஒறுத்தலும் ஊட்டலும் ஒருங்கமைந்த அவ்விழாவைக் குறிக்கக் கொங்குத் தமிழில் முன்னரே நோம்பி என்னும் சொல் இருக்கின்றது. ஒரம்பரை என்னும் சொல்லோ அவ்விழாவைக் கொண்டாடுவார்மேல் இன்னும் செல்லவில்லை. லைன் வீட்டு வழக்கில் அவர் இன்றளவும் இந்திக்காரரே.