வெந்நீருக்கு ஒரு மீட்டர் தாமிரம்

சாயர்புரத்தில் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் கைவைப்பது தண்ணீர்க் குழாயில்தான். மரை வெட்டி, சணல் சுற்றி முறுக்கிய பழைய ஜிஐ பைப்புகளைப் பிடுங்கிவிட்டு, வீடு முழுக்க சிபிவிசி ஓட்டிவிடுகிறார்கள். மாற்றம் தேவையானதுதான். ஆனால் தொட்டியிலிருந்து கீசர் வரைக்கும், கீசரிலிருந்து ஷவர் வரைக்கும் ஒரே பைப் என்று முடிவு கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜிஐ ஏன் போக வேண்டும் என்பது, கழற்றிப் போட்ட அரை இஞ்ச் துண்டை அறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உள்ளே துரு அடுக்கடுக்காகக் கட்டி, நடுவில் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி மிஞ்சியிருக்கும். ஆற்றுத் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றுகிற கடலோரப் பகுதி இது. உப்பு முதலில் நாகப் பூச்சைத் தின்னும், பிறகு இரும்பை. மரை வெட்டிய இடத்தில் பூச்சே போய்விடுவதால் எல்போவும் டீயும் சேருமிடங்கள்தான் முதலில் கசியும். பிளாஸ்டிக்கிடம் உப்பின் ஜம்பம் பலிக்காது. விலையும் குறைவு, தூக்கவும் லேசு. குளிர்ந்த தண்ணீருக்கு அதைவிடப் பொருத்தமான பைப் இந்த ஊருக்கு இல்லை.

வெந்நீர் என்று வரும்போது கணக்கு மாறுகிறது. சாதாரண பிவிசி 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாங்காது. சிபிவிசி 93 வரை தாங்கும் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அறை வெப்பத்தில் அது தாங்கும் அழுத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் 82 டிகிரியில் தாங்கும் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் வைத்து, வீட்டைப் பூட்டிவிட்டு நாலு நாள் வெளியூர் போய்விட்டால், நம் ஊர் வெயிலில் தண்ணீர் கொதிநிலைக்குப் பக்கத்தில் போய்விடும். திரும்பி வந்து குழாயைத் திறந்ததும் அவ்வளவு சூடும் முதல் மூட்டில் போய் இறங்குகிறது.

நீளமும் கூடுகிறது. 10 மீட்டர் சிபிவிசி 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளும். அதே நீளத் தாமிரம் 7 மில்லிமீட்டர்கூட நீளாது. சுவரில் காடி வெட்டி, சிமென்ட் வைத்து இறுக்கிப் பூசிய பைப்புக்கு நீள இடமேது? அந்த இழுபறி முழுவதும் எல்போவின் தலையில் விழுகிறது. சில வருடம் கழித்து குளியலறைச் சுவர் ஓதம் காத்து, பெயின்ட் உப்பி உதிரும்போதுதான் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியும்.

சாயர்புரத்தில் கல்விப்பணி செய்த ஜி.யு. போப் முதுமையில் வாழ்ந்த இங்கிலாந்தில், வீட்டை வெதுவெதுப்பாக வைக்கக் கொதிகலனில் தண்ணீரைச் சூடாக்கி அறைக்கு அறை ஓடவிடுகிறார்கள். அங்கேயும் பழைய தாமிரத்துக்குப் பதில் இப்போது பிளாஸ்டிக் வந்துவிட்டது. ஆனாலும் கொதிகலனிலிருந்து முதல் ஒரு மீட்டர் தூரத்துக்குத் தாமிரம் போடும் வழக்கத்தை அவர்கள் விடவில்லை. சூடு கடுமையாக இருக்கும் இடத்தில் உலோகம், தணிந்த பிறகு பிளாஸ்டிக். இந்த ஏற்பாட்டைக் கீசருக்கும் சோலார் ஹீட்டருக்கும் நாமும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

வீடு முழுக்கத் தாமிரம் என்று கிளம்புவதும் சரியல்ல. குளோரைடு மிகுந்த போர் தண்ணீர் தாமிரத்தையும் புள்ளி புள்ளியாக அரிக்கும். விலையோ பல மடங்கு. மிச்சமிருக்கும் ஜிஐ துண்டோடு தாமிரத்தை நேராக இணைத்தால் ஜிஐ சீக்கிரமே இற்றுப்போகும். இடையில் பித்தளைக் கப்ளிங் வேண்டும். பற்றவைக்க ஆள் இல்லை என்ற சாக்கை மட்டும் நான் ஏற்கமாட்டேன். தூத்துக்குடியில் ஏசி மெக்கானிக்குகள் நாள்தோறும் தாமிரக் குழாய்தானே பற்றவைக்கிறார்கள்!

பிளாஸ்டிக், தாமிரம் இரண்டுமே நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. பிவிசி, சிபிவிசிக்கான மூலப்பொருள் சாகுபுரத்து டிசிடபிள்யூ ஆலையில் தயாராகிறது. அதன் கழிவை எதிர்த்துக் காயல்பட்டினத்து மக்கள் போராடியிருக்கிறார்கள். தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை, 2018 மே மாதப் போராட்டத்தில் 13 பேர் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்த பிறகு மூடப்பட்டது. இவ்வளவு விலை கொடுத்து உண்டாகிற பொருளை ஐந்து வருடத்தில் உடைத்தெடுத்துக் குப்பையில் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை. பைப்பைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறை அதைப் பொருத்துவதிலும் வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

பெரும்பாலான கசிவுக்குப் பைப் காரணமல்ல, அவசரம்தான் காரணம். சிபிவிசியை நேராக அறுத்து, பிசிறு நீக்கி, பசையைப் பைப்பிலும் சாக்கெட்டிலும் தடவி, கால் திருகு கொடுத்து அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு காய விட வேண்டும். காலையில் ஒட்டிவிட்டு மாலையில் மோட்டார் போடுகிற வேலை நிற்காது. மொட்டை மாடியில் வெயில்பட ஓடும் பைப்புக்குத் தண்ணீர் கலந்து அடிக்கிற பெயின்ட் ஒரு பூச்சாவது வேண்டும். குடிநீர் வழிக்குப் பழைய பிவிசி கையிருப்பை வாங்கவே கூடாது. பைப்பில் சேர்க்கும் ஈயத்துக்கு மத்திய அரசு விதி கொண்டுவந்தது 2021இல்தான்.

கொத்தனார் காடியை மூடும் முன் இயல்பான அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு ஏற்றி, பிரஷர் கேஜின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று வீட்டுக்காரரே நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு சுவரையும் ஒரு டேப்பை நீட்டி வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். பிளம்பருக்குக் கடைசித் தவணைப் பணம் அதற்குப் பிறகு போதும்.