பெயர் வாங்கிய பலி

ஆங்கிலக் குடிப்பெயர்கள் பலவற்றிலே உழைப்பின் மணம் வீசக் காணலாம். ஸ்மித் என்றால் கொல்லன்; வெப்ஸ்டர் என்றால் நெசவாளி; தாட்சர் என்றால் கூரை வேய்பவன். 1066-இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியரோடு வேறுவகைப் பெயரும் கப்பலேறி வந்தது. தம் சொந்த ஊரின் பெயருக்குமுன் 'டி' சேர்த்து வழங்கிய பெருநிலக்காரரின் பெயர் அது. முன்னது செய்த தொழிலைச் சொல்லிற்று. பின்னது உடைமையைச் சொல்லிற்று.

அத்தகைய பெயரொன்று ஓர் ஏழைக் குடும்பத்தை அழித்த கதையே, தாமஸ் ஹார்டி 1891-இல் தந்த 'டெஸ்' புதினம்.

சிற்றூர்ச் சில்லறை வாணிபன் ஜான் டர்பிபீல்டு. அவன் பெயர் 'டர்பர்வில்' என்பதன் சிதைவென்றும், அவன் வீரப் பெருங்குடியின் வழித்தோன்றலென்றும் பாதிரியார் ஒருவர் சொல்லிப் போகிறார். அவ்வளவுதான்! பெருமை தலைக்கேற, மதுவும் ஏறிற்று. சந்தைக்குத் தேன்கூடுகளை ஏற்றிச்செல்ல அவனால் எழ முடியவில்லை. மகள் டெஸ் இருளில் வண்டியோட்டுகிறாள். அஞ்சல்வண்டி மோதிக் குதிரை மாள்கிறது. பிழைப்புப் போகவே, 'உறவு' கோரச் செல்வர் மாளிகைக்கு அவளை அனுப்புகிறார்கள்.

அவர்களோ டர்பர்வில்களே அல்லர்! ஸ்டோக் எனும் வணிகர், மறைந்த குலங்களைப் பற்றிய ஏடுகளைப் புரட்டிப் பொறுக்கிய பெயரது. உண்மை வாரிசு கந்தலிலே, கடன்பெயர் மாளிகையிலே! அம்மாளிகையின் மகன் அலெக், டெஸ்ஸைச் சீரழிக்கிறான். பின்னாளில் அவனைக் கொன்று அவள் தூக்குமேடை ஏறுகிறாள். வீடிழந்த அவள் குடும்பமோ, முன்னோர் கல்லறை உள்ள தேவாலயத்தின் சுவரோரம் கட்டிலிட்டுக் கிடந்தது. வீரர்களின் எலும்புக்குக் கூரை உண்டு. பேரக் குழந்தைகளுக்கு இல்லை!

அலெக்கை வெறுப்பது எளிது. ஹார்டியின் கூர்வாள் பாய்வது ஏஞ்சல் கிளேர்மீது. பாதிரியார் மகனாயினும் மதத்தை ஐயுற்றவன்; பழங்குலப் பெருமையை இகழ்ந்தவன். டெஸ்ஸை மணக்கிறான். நடந்ததை அவள் சொன்னதும், அவள் உறுதியின்மைக்கு நலிந்த குலத்தைக் காரணம் காட்டுகிறான்! அலெக்கின் குற்றம் அவள் முன்னோர் கணக்கிலே எழுதப்பட்டது.

ஹார்டியிடமும் குறையுண்டு. மூதாதையர் ஓவியங்களிலே டெஸ்ஸின் சாயலைக் காட்டி, எல்லாம் குலவினையோ என்று மயங்க வைக்கிறார். கிளேரைக் குத்திய வாளை அவரே மழுக்கலாமா?

தோழர்களே, குலம் பொய்யென மேடையிலே முழங்குவது எளிது. நம் வீட்டிலே, நெஞ்சு புண்பட்ட வேளையிலே, குலப்பேச்சு நாவிலே வராதிருக்கிறதா? கிளேர் தோற்ற தேர்வு அதுதான்.