ஓபர்டார்ஃப்: மிச்சமிருக்கும் பாதி

2022 ஏப்ரல் 22. பார்சிலோனாவின் காம்ப் நோ மைதானத்தில் 91,648 பேர். பெண்கள் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டம். பத்து நிமிடத்துக்குள் ஜெர்மன் கிளப்பான வோல்ஃப்ஸ்பர்க்கின் வலையில் இரண்டு கோல் விழுந்துவிட்டது. இடைவேளைக்குள் நான்கு. முடிவு 5-1. பார்சிலோனாவின் நடுக்களக்காரர்கள் பந்தைச் சுற்றிச் சுற்றி விட, வோல்ஃப்ஸ்பர்க்கின் நடுக்களம் அதன் பின்னாலேயே ஓடியது. அந்த நடுக்களத்தில் இருந்தவர்களில் ஒருவர் லேனா ஓபர்டார்ஃப். அப்போது வயது 20.

அதே ஆண்டு ஜூலை 12. லண்டனின் ப்ரென்ட்ஃபர்ட் மைதானம், ஐரோப்பியக் கோப்பையின் பிரிவு ஆட்டம். ஜெர்மனிக்கு எதிரே ஸ்பெயின். சட்டையின் நிறம் மாறியிருந்தாலும் முகங்கள் பெரும்பாலும் பார்சிலோனாவின் அதே முகங்கள்தான்: பாட்ரி குயிஹாரோ, ஐதானா பொன்மாத்தி, மரியோனா கால்டென்டெய். முழங்கால் காயத்தால் ஸ்பெயினின் நட்சத்திரம் அலெக்ஸியா புதேயாஸ் இல்லை. அது ஜெர்மனிக்குப் பெரிய வரம், மறுக்க முடியாது. ஆட்டத்தின் பெரும்பகுதி பந்து ஸ்பெயின் காலில்தான் இருந்தது. ஆனால் ஜெர்மனி 2-0 என்று வென்றது. கோல்கீப்பரின் தவறான பாஸைப் பிடித்து கிளாரா ப்யூல் மூன்றாவது நிமிடத்தில் ஒன்று, அலெக்ஸாண்ட்ரா பாப் தலையால் ஒன்று. அதற்குப் பிறகு ஆட்டம் முழுக்க ஜெர்மனி செய்தது ஒரே வேலை: நடுவழியை அடைத்து வைப்பது. லீனா மாகுலும் சாரா டேப்ரிட்ஸும் சற்று முன்னே நிற்க, நான்கு தற்காப்பாளர்களுக்கு முன்னால் தனியாக நின்றவர் ஓபர்டார்ஃப்.

இரண்டு ஆட்டங்களுக்கும் இடையே மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒருவர் வேறொரு ஆட்டக்காரராக மாறிவிட முடியாது. மாறியது நிற்கும் இடம். காம்ப் நோவில் துரத்த வேண்டியிருந்தது, ப்ரென்ட்ஃபர்டில் காத்திருக்க முடிந்தது. கபடியில் நல்ல கார்னர் ஆட்டக்காரர் முதலில் பாய மாட்டார். பாடி வருபவர் எந்தக் காலைத் திருப்பப் போகிறார் என்று பார்த்து நிற்பார். ஓபர்டார்ஃபும் அப்படித்தான். பந்து வைத்திருப்பவரைவிட, அடுத்து அதை வாங்கப் போகிறவர் மீதுதான் அவர் கண் இருக்கும். பாஸ் கிளம்பும்போதே ஓர் அடி எடுத்து வைத்துவிடுவார். பார்ப்பவர்களுக்குக் கடைசியில் தெரிவது டேக்கிள் மட்டும். அதனால்தான் அவரைப் பற்றி எழுதுபவர்கள் ‘வலிமை’, ‘முரட்டுத்தனம்’ என்றே எழுதித் தள்ளுகிறார்கள். பாதி உண்மை. அந்த வலிமை பயன்படும் இடத்துக்கு அவரைக் கொண்டுபோய் நிறுத்துவது கண்.

அந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று தேடினால் ரூர் பகுதியின் ஓரத்துச் சிறு ஊர்களுக்குப் போக வேண்டும். 2001 டிசம்பர் 19 அன்று கெவெல்ஸ்பெர்க்கில் பிறந்தவர். பக்கத்திலுள்ள எனெபெட்டால், ஸ்ப்ராக்ஹோவெல் ஊர்களின் கிளப்களில் ஆடி வளர்ந்தார். 2018 வரை ஆடியது பையன்களோடு. அண்ணன் டிம்மும் கால்பந்துக்காரர்தான், ஃபார்ச்சுனா டுசெல்டார்ஃப் கிளப்பின் தற்காப்பாளர். ஜெர்மனியில் திறமையுள்ள பெண்கள் பதினாறு வயது வரைகூடப் பையன்கள் அணியிலேயே ஆட விதி இடம் கொடுக்கிறது. தேசிய அணிக்கு வந்தவர்களில் பலர் இந்த வழியாக வந்தவர்களே.

இந்த வழியில் ஒரு சூட்சுமம் உண்டு. பத்து வயதில் பெண்ணும் பையனும் சமமாக மோதலாம். பதினைந்தில் முடியாது. எதிரே நிற்பவன் ஒரே கோடையில் அரை அடி வளர்ந்து வந்து நிற்பான். ஓட்டத்தில் அவனை முந்த முடியாது, தோளோடு தோள் மோதித் தள்ளவும் முடியாது. மிச்சமிருப்பது ஒன்றுதான்: பந்து வந்து சேரும் இடத்துக்கு அவனுக்கு முன்பே போய்விடுவது. அந்த வயதில் இதைக் கற்றுக்கொண்டவர் பிறகு பெண்கள் லீக்குக்கு வரும்போது உடல் பலம் திடீரென்று கூடுதல் சொத்தாகிவிடுகிறது. 17 வயதில் ஓபர்டார்ஃப் பெண்கள் பண்டஸ்லிகாவில் அனுபவசாலிகளைத் தள்ளிவிட்டுப் பந்தோடு போனதன் காரணம் இதுவே என்பது என் கணிப்பு.

2018இல் அவர் சேர்ந்த இடம் எஸ்ஸன். இந்தக் கிளப்பைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். பாயர்ன், வோல்ஃப்ஸ்பர்க் போல ஆண்கள் அணியின் பணத்தில் நிற்பதல்ல அது. பெண்கள் கால்பந்தால் மட்டுமே அறியப்பட்ட கிளப். பணம் குறைவு, ஆள் குறைவு. ஆனால் லேயா ஷ்யூலர், லிண்டா டால்மன், மரீனா ஹேகரிங், சாரா டோர்சூன், நிக்கோல் அன்யோமி என்று ஜெர்மன் அணிக்கு ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தது. வளர்த்துவிட்டு இழப்பதுதான் அதன் விதி. ஆள் குறைந்த கிளப்பில் இளம் ஆட்டக்காரருக்கு ஒரு லாபம்: ஓட்டை விழுந்த இடத்திலெல்லாம் ஆட வேண்டியிருக்கும். ஓபர்டார்ஃபும் நடுக்களத்தோடு நிற்கவில்லை; தற்காப்பில் ஆடினார், முன்னால் போய் கோலும் அடித்தார். பெரிய கிளப்பின் இளையோர் பிரிவில் இருந்திருந்தால் பதினாறு வயதிலேயே ஒரு கட்டத்துக்குள் பூட்டியிருப்பார்கள்.

எஸ்ஸனில் ஒரு பருவம் முடிவதற்குள் தேசிய அணி கூப்பிட்டுவிட்டது. 2019 ஏப்ரலில் ஸ்வீடனுக்கு எதிராக அறிமுகம். ஜூன் 8 அன்று பிரான்ஸின் ரென் நகரில் சீனாவுக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கியபோது வயது 17 ஆண்டு 171 நாள். உலகக் கோப்பையில் ஆடிய மிக இளைய ஜெர்மானியர் என்ற பெருமை பிர்கிட் ப்ரின்ஸிடமிருந்து கைமாறியது. வயதுச் சாதனைகள் எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்குத்தான் பிடிக்கும்; ஆட்டத்தைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஆட்டத்தின் தன்மை. சீனா காலைக் குறிவைத்து ஆடியது. ஜெர்மனியின் மூளையாக இருந்த ஜெனிஃபர் மரோஷானுக்குக் கால்விரல் முறிந்தது. அப்படிப்பட்ட சண்டைக்குள் பயிற்சியாளர் மார்ட்டினா ஃபாஸ்-டெக்லன்பர்க் ஒரு 17 வயதுக்காரரை இறக்கினார் என்றால், அவரிடம் எதைப் பார்த்தார் என்பது தெளிவு. ஜெர்மனி 1-0 என்று தப்பியது. காலிறுதியில் ஸ்வீடன் 2-1 என்று வீட்டுக்கு அனுப்பியது.

2020 ஜூலையில் எஸ்ஸன் ஜெர்மன் கோப்பை இறுதிக்குப் போனது. கொலோன், கொரோனா காலம், ஆளில்லாத மைதானம். ஷ்யூலர் ஆட்டம் தொடங்கிய சில நொடிகளிலேயே கோல் அடித்தார். கூடுதல் நேரம் முடிந்தும் 3-3. பெனால்டியில் வோல்ஃப்ஸ்பர்க் வென்றது. அடுத்த பருவத்தில் ஓபர்டார்ஃப் அணிந்தது அதே வோல்ஃப்ஸ்பர்க்கின் பச்சைச் சட்டை. அங்கே நான்கு ஆண்டு, நான்கு ஜெர்மன் கோப்பை, 2022இல் லீக் பட்டம். 2021இல் டாமி ஸ்ட்ரோட் பயிற்சியாளராக வந்த பிறகு அவருடைய இடம் தற்காப்பு நடுக்களம் என்று உறுதியானது.

இனி மறுபடி 2022க்கு வருவோம். ப்ரென்ட்ஃபர்டுக்குப் பிறகு ஜெர்மனி ஆஸ்திரியாவைக் கடந்து, பாப் அடித்த இரண்டு கோலால் பிரான்ஸைக் கடந்து, ஜூலை 31 அன்று வெம்ப்ளியில் இங்கிலாந்தின் எதிரே நின்றது. 87,192 பார்வையாளர்கள். ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியின்போதே பாப் காயமடைந்து வெளியேறிவிட்டார். 62ஆவது நிமிடத்தில் கீரா வால்ஷ் அனுப்பிய ஒரே நீண்ட பாஸ் ஜெர்மனியின் நடுக்களத்தையும் தற்காப்பையும் சேர்த்துக் கடந்தது. எல்லா டூன் ஓடிப்போய் கோல்கீப்பரின் தலைக்கு மேலே தூக்கிப் போட்டார். மாகுல் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் க்ளோயி கெல்லி முடித்துவைத்தார். தொடரின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது ஓபர்டார்ஃபுக்கு. உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் டி’ஓர் வரிசையில் அந்த ஆண்டு நான்காம் இடம். தற்காப்பு நடுக்களத்தில் ஆடும் 20 வயதுக்காரருக்கு அது அபூர்வம். வாக்களிப்பவர்களின் கண் வழக்கமாக கோல் அடிப்பவர்களைத் தாண்டுவதில்லை.

ஆனால் டூனின் அந்த கோலை இன்னொரு முறை பாருங்கள். பாஸ் கொடுத்தவர் யார்? இங்கிலாந்தின் ஆறாம் எண் இடத்தில், அதாவது தற்காப்பு நடுக்களத்தில் ஆடியவர். ஓபர்டார்ஃபின் அதே இடம். எதிரணியின் பாஸை வெட்டுவதில் வால்ஷ் ஓபர்டார்ஃபின் பக்கத்தில்கூட வர மாட்டார். ஆனால் தன் பகுதியில் பந்தை வாங்கி, ஒரே தட்டில் ஆட்டத்தைத் திறந்துவிடுவார். அந்தத் திறப்பு ஓபர்டார்ஃபிடம் அன்று இல்லை.

2023 ஜூன் 3 அன்று ஐந்தோவனில் இது இன்னும் பச்சையாகத் தெரிந்தது. சாம்பியன்ஸ் லீக் இறுதி, மறுபடி பார்சிலோனா. லூசி ப்ரான்ஸிடமிருந்து பந்தைப் பறித்து எவா பாயோர் ஒன்று, பாப் தலையால் ஒன்று. இடைவேளையில் வோல்ஃப்ஸ்பர்க் 2-0 என முன்னிலை. இடைவேளை முடிந்து ஐந்து நிமிடத்துக்குள் 2-2. இரண்டையும் அடித்தவர் குயிஹாரோ. அவரும் நடுக்களக்காரர்தான். நடுக்களத்திலிருந்து வந்து, யாரும் எதிர்பாராத நேரத்தில் பெனால்டி பகுதிக்குள் நுழைந்து முடித்துவிட்டுப் போனார். ஃப்ரிடோலினா ரோல்ஃபோ மூன்றாவது கோலை அடித்தார். வோல்ஃப்ஸ்பர்க்குக்கு அன்று தேவைப்பட்டது பந்தை வாங்கி, ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்து, ஐந்து நிமிடம் தூங்கவைக்கும் ஒருவர். பறிப்பதில் உலகத்தரமான ஓபர்டார்ஃபுக்கு, பறித்த பிறகு செய்ய வேண்டிய அந்த வேலை கைவரவில்லை. அவர் மீது மட்டும் பழி போடுவது அநியாயம். வோல்ஃப்ஸ்பர்க்கே பறித்ததும் பாய்ந்து போகும் அணிதான். நிறுத்தி ஆட அவரை யாரும் பழக்கவில்லை.

அந்தக் கோடையின் உலகக் கோப்பை ஜெர்மனிக்குக் கெட்ட கனவு. காயத்தால் ஓபர்டார்ஃப் முதல் ஆட்டத்தில் இல்லை. அடுத்த இரண்டு ஆட்டங்களில் கொலம்பியாவிடம் 2-1 என்று தோற்று, தென் கொரியாவிடம் 1-1 என்று முட்டி, பிரிவுச் சுற்றோடு ஜெர்மனி வெளியேறியது. அதில் விரிவாகப் பேச ஒன்றுமில்லை.

2024இல் பாயர்ன் மியூனிக்குக்கு மாறினார். வோல்ஃப்ஸ்பர்க் ரசிகர்களுக்குக் கசப்பு இருந்தால் அதில் நியாயமும் இருக்கிறது, நேர்ப் போட்டி அணியல்லவா? ஆனால் ஆட்ட நோக்கில் இதைவிடச் சரியான முடிவு இருந்திருக்க முடியாது என்பேன். பாயர்ன் பந்தை வைத்திருந்து ஆடும் அணி. அங்கே ஆறாம் எண்ணுக்குப் பறிக்கும் வேலை குறைவு, பரிமாறும் வேலை அதிகம். வால்ஷிடமும் குயிஹாரோவிடமும் இருந்து, தன்னிடம் இல்லாததைப் பழகிக்கொள்ள வேண்டிய இடம் அதுவே.

பழகத்தான் முடியவில்லை. 2024 ஜூலை 16 அன்று ஹானோவரில் ஆஸ்திரியாவுக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டத்தில் வலது முழங்காலின் சிலுவைத் தசைநார் கிழிந்தது. ஒலிம்பிக் தொடங்கப் பத்து நாள்கூட இல்லை. ஜெர்மனி அவர் இல்லாமல் பிரான்ஸ் போய் வெண்கலம் வென்றது. 2025 ஐரோப்பியக் கோப்பையிலும் அவர் இல்லை. பாயர்ன் சட்டையில் அவர் களமிறங்கியதே 2025-26 பருவத்தின் தொடக்கத்தில்தான். அக்டோபரில், கொலோனுக்கு எதிரான லீக் ஆட்டத்தில், அதே முழங்கால் மறுபடி கிழிந்தது.

இது ஒருவருடைய துரதிர்ஷ்டம் மட்டுமல்ல. 2022 பலோன் டி’ஓர் வரிசையின் முதல் நான்கு பெயர்கள்: புதேயாஸ், பெத் மீட், சாம் கெர், ஓபர்டார்ஃப். அந்த 2022 ஜூலைக்கும் 2024 ஜூலைக்கும் இடையில் நால்வருக்கும் இதே தசைநார் கிழிந்தது. ஆட்ட அட்டவணை, காலணி, புல்தரை, உடலமைப்பு என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். ஆராய்ச்சிக்கான பணம் இவ்வளவு காலம் ஆண்கள் முழங்காலுக்கே போய்க்கொண்டிருந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

2025 ஜூலையில் சூரிக்கில் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி. ஜெர்மனியும் ஸ்பெயினும். மீண்டும் பந்து ஸ்பெயினிடம், மீண்டும் ஜெர்மனி கதவடைத்து நின்றது. இடைநீக்கத்தால் ஷோக்கே ந்யூஸ்கனும் இல்லாத நடுக்களம் 113 நிமிடம் தாக்குப்பிடித்தது. பிறகு பொன்மாத்தி நெருக்கமான கோணத்திலிருந்து ஒரே ஒரு கோல் அடித்தார். ஓபர்டார்ஃப் இருந்திருந்தால் அந்த கோல் விழுந்திருக்காது என்று சிலர் எழுதினார்கள். இருக்கலாம். என் வருத்தம் வேறு: அந்த 113 நிமிடத்தில் ஜெர்மனி பறித்த பந்தெல்லாம் இரண்டு மூன்று பாஸுக்குள் ஸ்பெயினிடமே திரும்பிப் போனது.

2027 ஜூனில் பிரேசிலில் உலகக் கோப்பை தொடங்கும்போது அவருக்கு வயது 25. நடுக்களக்காரருக்கு அது தொடக்கம்தான். பயிற்சியாளர்கள் அவசரப்பட்டு, பழையபடி நான்கு பேருக்கு முன்னால் தனியாக நிறுத்தி, களம் முழுக்க ஓடவிடக் கூடாது. பக்கத்தில் இன்னொருவரை வைத்து, பறிக்கும் வேலையில் பாதியை அவரிடம் கொடுத்துவிட்டு, ஓபர்டார்ஃபின் காலுக்கே பந்தைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும்.