சக்கரம் வரைந்த கோடுகள்

எண்ணெய் வேர்ப்பது வேறு, கசிவது வேறு, சொட்டுவது வேறு, ஒழுகுவது வேறு. வேர்த்தால் துடைத்துவிட்டுக் கவனித்துக்கொண்டிருக்கலாம். ஒழுகினால் வண்டியை நகர்த்தக் கூடாது. இந்த வேறுபாட்டைக் கண்ணாலும் விரலாலும் மூக்காலும் பிரித்துச் சொன்ன ஒரு கைதேர்ந்த மெக்கானிக்கை நான் பார்த்தது அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில், குவார்ட்சைட் என்ற சிற்றூரில்.

குளிர்காலத்தில் வடக்கு மாநிலங்களிலிருந்து மோட்டார் ஹோம்கள் சாரி சாரியாக அந்த ஊருக்கு வந்து இறங்கும். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற, பேருந்து அளவு வண்டிகள். என் நண்பருடையதும் அப்படி ஒன்று. ஒருநாள் காலை அதன் முன்பக்க இடது சக்கரத்தில், பளபளக்கும் அலுமினிய ரிம் மேல், எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தது. ஹப்பின் எண்ணெயைத் தடுத்து நிற்கும் சீல் போய்விட்டது என்று பக்கத்து வண்டிக்காரர் தீர்ப்பே சொல்லிவிட்டார். சீல் என்றால் சக்கரம், டிரம், ஹப், பேரிங் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். நண்பர் முகத்தில் ஈயாடவில்லை.

பெரிய மோட்டார் ஹோம்கள் பலவற்றில் முன்சக்கர பேரிங்குகள் கிரீஸில் இருப்பதில்லை. கியர் ஆயிலில் குளித்துக்கொண்டே சுழல்கின்றன. ஹப்பின் வெளி வாயை ஒரு மூடி அடைக்கிறது. அந்த மூடியில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் சன்னல், சன்னலில் எண்ணெய் மட்டத்துக்கு ஒரு கோடு, நடுவில் ஒரு ரப்பர் அடைப்பான். ஹப் சூடாகும்போது உள்ளே விரியும் காற்று அந்த ரப்பரில் உள்ள மெல்லிய கீறல் வழியாக வெளியேறும். எனக்கு இந்த அமைப்பின் மேல் தனி மோகம் உண்டு. வண்டியின் உள்ளுறுப்புகளில் எத்தனை இப்படித் தம்மைத் திறந்து காட்டுகின்றன? குனிந்து பார்த்தால் போதும், பேரிங்கின் நலம் தெரிந்துவிடும். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அதில் உலோகத் துகள் மினுங்கினால் பேரிங் தேய்கிறது.

அழைத்ததும் வந்த அந்த மெக்கானிக் எழுபதை நெருங்கிய, அதிகம் பேசாத மனிதர். கருவிப் பெட்டியைத் திறக்கவே இல்லை. கைகளைக் கட்டிக்கொண்டு சக்கரத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு விரலால் தொட்டு முகர்ந்தார். கியர் ஆயிலின் கந்தக நெடி தப்பாது. காற்று பிரேக் வண்டியானதால் பிரேக் திரவம் என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. கிரீஸாக இருந்திருந்தால் இப்படிப் பரவாமல் கட்டியாக அப்பியிருக்கும்.

"சமீபத்தில் யாராவது இதில் எண்ணெய் ஊற்றினார்களா?" என்று கேட்டார். கோட்டுக்கு மேல் ஊற்றிவிட்டால், மிகுதியை அடைப்பான் வழியாக ஹப் துப்பிவிடும். அது பழுதே அல்ல. இல்லை என்றார் நண்பர். மட்டமும் கோட்டுக்குச் சற்றுக் கீழேதான் இருந்தது.

அடுத்து டார்ச்சுடன் வண்டிக்கு அடியில் படுத்தார். அவர் கவலை முழுவதும் அந்த உட்பக்கத்தில்தான். உள் சீல் போயிருந்தால் எண்ணெய் டிரம்முக்குள் இறங்கி பிரேக் ஷூவை நனைத்திருக்கும்; டயரின் உள்சுவரில் ஈரம் தெறித்திருக்கும். எண்ணெய் குடித்த ஷூ பிடிக்காது, பிரேக் போட்டால் வண்டி மறுபக்கம் இழுக்கும். அந்த நிலையில் சரக்கு லாரி சோதனையில் சிக்கினால் சாலையிலிருந்தே நிறுத்திவிடுவார்கள். இங்கே உட்பக்கம் முழுக்க உலர்ந்த தூசி. அவர் முகம் தெளிந்தது.

இனி வெளிப்பக்கக் கோலத்தைப் படிக்க வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ ஒன்பது முறை சுற்றுகிறது. வெளியே வரும் துளி மையத்திலிருந்து விளிம்பை நோக்கிக் கதிராக ஓடும். வண்டி நின்றபின் வரும் துளியோ புவியீர்ப்புக்குக் கட்டுப்பட்டு நேரே கீழே வழியும். பல நாள் ஓட்டமும் நிறுத்தமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிட்டால் யாராலும் எதையும் படிக்க முடியாது. அதனால் அவர் செய்த முதல் வைத்தியம் துடைத்ததுதான். அதுவும் சோப்புத் தண்ணீரால். கரைப்பான் பட்டால் அந்த பிளாஸ்டிக் சன்னலில் நுண்விரிசல் விழும். துடைத்து, உலர்த்தி, மூடியின் மேல் முகப்பவுடரை மெல்லத் தூவினார். கோலமாவு தூவும் கை போல அத்தனை சீராக இருந்தது.

"ப்ளைத் வரை போய் வாருங்கள்."

கலிபோர்னியா எல்லையைத் தாண்டினால் ப்ளைத். போகவர சுமார் நாற்பது மைல். திரும்பி வந்தபோது வெள்ளைப் பவுடரில் ஒரே ஒரு பழுப்புக் கீற்று, பென்சிலால் இழுத்ததுபோல. அது மூடியும் ஹப்பும் சேரும் கேஸ்கெட் ஓரத்தில் தொடங்கவில்லை. போல்ட்டுகளைச் சுற்றிலும் உலர்ந்தே இருந்தது. கீற்றின் வேர் நடு ரப்பரின் விளிம்பில் இருந்தது. பெரியவர் அதைச் சுட்டிக்காட்டிய விதத்தில், நல்ல தவில்காரர் தீர்மானத்தை வந்து சேர்க்கும்போது தெரிகிற நிறைவு இருந்தது. வாய் திறக்கவில்லை.

அடைப்பானைப் பிதுக்கி எடுத்தார். மாதக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டியின் ரப்பர், பழைய செருப்பு வார்போல விறைத்து, ஓரத்தில் மயிரிழை வெடிப்பு. புதியது சில டாலர்தான். வலது சக்கரத்து ரப்பருக்கும் அதே வயது என்பதால் அதையும் மாற்றினார். எண்ணெயைக் கோடு வரை ஊற்றிவிட்டுக் காத்திருந்தார். கெட்டியான கியர் ஆயில் பேரிங்கைக் கடந்து உள்ளே இறங்க நேரம் பிடிக்கும். மட்டம் தாழ்ந்ததும் மீண்டும் ஊற்றினார். மூடியின் போல்ட்டுகளைத் தொடவே இல்லை. கசிவைக் கண்டதும் அவற்றை இறுக்கோ இறுக்கென்று இறுக்கி மூடியை வளைத்துவிடுகிறவர்களை நினைத்தால், அந்தத் தொடாமைதான் அன்று நான் கண்டவற்றில் ஆகச் சிறந்த வேலை என்பேன்.

வசந்தத்தில் நண்பர் ஆரிகன் மாநிலம் வரை ஓட்டிப் போனார். எண்ணெய் இன்னும் அதே கோட்டில் நிற்கிறது. ரிம்மில் வெறும் தூசிதான்.